விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடலாமா? கர்ப்பிணித் தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டியவை

இரவு இரண்டு மணி. மூன்று வயதுக் குழந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. ஏழு மாதக் கர்ப்பிணியான தாய் எழுந்து உட்கார்ந்து, மடியில் போட்டுத் தட்டிக் கொடுக்கிறாள். பாட்டி காய்ச்சல் மருந்தைக் கரண்டியில் ஊற்றிக்கொண்டு வருகிறார். துபாயில் இருக்கும் தகப்பனுக்கு வீடியோவில் பிள்ளையின் வீங்கிய கன்னத்தைக் காட்டுகிறார்கள். விடிந்ததும் பல் மருத்துவரிடம் ஓடினால், அவர் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "முன்பல் நாலும் சொத்தை. கடைவாயிலும் ரெண்டு போயிருக்கு. இது ரொம்ப நாளைக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்மா. யாரும் கவனிக்கலையா?"

"பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும்னு நினைச்சோம் டாக்டர்."

குழந்தைகளைப் பார்க்கும் எந்தப் பல் மருத்துவரிடம் கேட்டாலும் இந்தப் பதிலைத் தினமும் கேட்பதாகத்தான் சொல்வார். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி, உலகில் 51 கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்குப் பால் பற்களில் சொத்தை இருக்கிறது.

இதற்காக அந்தத் தாயைக் குறை சொல்வது எளிது. ஆனால் கர்ப்பமான நாளிலிருந்து அவளுக்கு எத்தனையோ பரிசோதனைகள் நடந்திருக்கும். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். வரப்போகும் பிள்ளையின் பல்லைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். பல நாடுகளில் கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டுவதும் ஏறத்தாழ இதைத்தான். மிட்டாய் தின்றால் பல் கெடும் என்பது பெரும்பாலான தாய்மார்களுக்குத் தெரிகிறது. பால் பல்லையும் பாதுகாக்க வேண்டும், தன் வாயிலுள்ள கிருமி பிள்ளைக்குப் போகும், பிரஷ் பிடிப்பதை முதல் பல்லோடு தொடங்க வேண்டும் என்பவை பலருக்குத் தெரிவதில்லை.

தெரிந்துகொள்ளச் சரியான காலம் கர்ப்ப காலம்தான். பிள்ளை பிறந்துவிட்டால் தூங்கவே நேரம் இருக்காது, படிக்க எங்கே நேரம்?

பால் பல்லின் கணக்கு

குழந்தைக்குப் பல் ஆறாவது மாதத்தில் முளைக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் கர்ப்பத்தின் ஆறாவது வாரத்திலேயே ஈறுக்குள் பால் பற்களுக்கான கரு உருவாகத் தொடங்குகிறது. நான்காவது மாதத்தில் அதில் சுண்ணாம்புச்சத்து படிய ஆரம்பிக்கிறது. பிள்ளை பிறக்கும்போதே 20 பால் பற்களும் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவை வெளியே வந்து முடிய இரண்டரை முதல் மூன்று வயது ஆகும்.

விழுவது எப்போது? முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையான கடைவாய்ப் பல்லை "விழுந்துவிடும்" என்று விட்டால், அந்தப் பிள்ளை ஏழெட்டு வருடம் அந்த வலியோடுதான் சாப்பிட வேண்டும்.

பால் பல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு அது இடம் பிடித்து வைக்கிறது. முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். பிறகு வரும் பல் கோணலாக வரும். பால் பல்லின் வேரில் சீழ் பிடித்தால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலும் பழுதாகலாம்.

பல்வலி உள்ள பிள்ளை சரியாகச் சாப்பிடாது, தூங்காது, எடை கூடாது. பேச்சும் பாதிக்கும். நம் பிள்ளைகள் நான்கு, ஐந்து வயதில் குர்ஆன் ஓதத் தொடங்குகிறார்கள். 'ஃபா' என்ற எழுத்துக்கு மேல் முன்பல்லின் நுனி கீழுதட்டில் பட வேண்டும். நாக்கு நுனியை முன்பல்லில் தொட்டுச் சொல்ல வேண்டிய எழுத்துகளும் இருக்கின்றன. முன்பற்கள் கரைந்து வேர் மட்டும் நிற்கும் பிள்ளை எவ்வளவு முயன்றாலும் அந்த ஒலி சரியாக வராது. அது பிள்ளையின் குறை அல்ல.

சொத்தை எப்படி வருகிறது?

"பூச்சி விழுந்த பல்" என்று சொல்வது வழக்கம். பல்லுக்குள் பூச்சி எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் பல்லின் மேல் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கின்றன. நாம் சாப்பிடும் சர்க்கரையை அவையும் உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலிலிருந்து சுண்ணாம்புச்சத்தைக் கரைக்கிறது. அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் படிய வைக்கிறது.

ஆகவே பல்லில் தினமும் ஒரு கரைத்தலும் ஒரு பூசுதலும் மாறி மாறி நடக்கின்றன. பூசுதலுக்கு நேரம் கிடைத்தால் பல் பிழைக்கும். அடுத்தடுத்து இனிப்பு வந்துகொண்டே இருந்தால் கரைத்தல் மட்டும்தான் நடக்கும். எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை முறை என்பதும் இதனால்தான் முக்கியமாகிறது. சாப்பாட்டோடு ஒரு துண்டு ஹல்வா சாப்பிடும் பிள்ளையைவிட, காலையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணிக்கு ஒன்றாகக் கடிக்கும் பிள்ளைக்கே ஆபத்து அதிகம்.

தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். இரவில் வாயில் தங்கும் இனிப்பு, பகலில் தங்குவதைவிட அதிகம் கெடுப்பது இதனால்தான். பால் பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லினதைவிட மெல்லியது என்பதால் சொத்தை வேகமாக உள்ளே இறங்கிவிடும்.

தாயின் வாயிலிருந்து பிள்ளையின் வாய்க்கு

சொத்தையை உண்டாக்கும் முக்கியக் கிருமிகள் பிள்ளையோடு பிறப்பதில்லை. பெரும்பாலும் தாயிடமிருந்தோ, பிள்ளையை அதிகம் கவனித்துக்கொள்பவரிடமிருந்தோ எச்சில் வழியாக வருகின்றன. ஒரே கரண்டியில் ருசி பார்த்து ஊட்டுவது, சோற்றை மென்று கொடுப்பது, கீழே விழுந்த நிப்பிளைத் தன் வாயில் வைத்துச் சுத்தம் செய்து கொடுப்பது எல்லாம் அந்த வழிகள்தாம்.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளையை முத்தமிடப் பயப்பட வேண்டாம். எச்சிலை முற்றிலும் தவிர்ப்பது எந்த வீட்டிலும் நடக்காது. செய்யக்கூடியது, தாயின் வாயிலுள்ள கிருமியைக் குறைப்பது. சொத்தைகளை அடைக்காமல் வைத்திருக்கும் தாயின் வாயில் இந்தக் கிருமிகள் மிக அதிகம். பிரசவத்துக்கு முன்பே அவள் தன் பற்களைச் சரிசெய்துகொண்டால், பிள்ளைக்குக் கிருமி போய்ச் சேர்வது தள்ளிப்போகும், அளவும் குறையும். பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்கும் இது பொருந்தும்.

கர்ப்பிணியின் பல்: பயமும் உண்மையும்

"ஒரு பிள்ளைக்கு ஒரு பல் போகும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச்சத்தை எடுப்பதில்லை. தாயின் உணவில் போதாவிட்டால் அவளுடைய எலும்பிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். கர்ப்ப காலத்தில் பல் கெடுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. வாந்தியோடு வரும் வயிற்று அமிலம் எனாமலை அரிக்கிறது. மசக்கைக்காகப் புளிப்பும் இனிப்பும் அடிக்கடி வாய்க்குள் போகிறது. பிரஷ் வைத்தாலே குமட்டுவதால் பல் துலக்குவதும் குறைந்துவிடுகிறது.

வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காதீர்கள். அமிலத்தில் இளகியிருக்கும் எனாமல் பிரஷ் பட்டுத் தேய்ந்துவிடும். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு சிறு கரண்டி சமையல் சோடாவைக் கலந்து கொப்பளியுங்கள். வெறும் தண்ணீரானாலும் சரி. அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். குமட்டல் இருந்தால் சிறுபிள்ளைகளின் சின்ன பிரஷைப் பயன்படுத்திப் பாருங்கள்.

ஈறு வீங்கி இரத்தம் கசிவதும் கர்ப்ப காலத்தில் சகஜம். ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சிறு அழுக்கைக்கூடத் தாங்காமல் வீங்குகிறது. இரத்தம் வருகிறதே என்று துலக்காமல் விட்டால் வீக்கம் கூடத்தான் செய்யும். மென்மையான பிரஷால் இருவேளையும் துலக்க வேண்டும்.

"கர்ப்பமாக இருக்கும்போது பல் வைத்தியம் ஆகாது" என்பது நம் வீடுகளில் ஆழமாக ஊறிப்போன இன்னொரு நம்பிக்கை. அது சரியல்ல. சுத்தம் செய்வது, சொத்தையை அடைப்பது, தேவைப்பட்டால் வேர் சிகிச்சை, பல் எடுப்பது எல்லாமே செய்யலாம். நான்காவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை அதற்கு வசதியான காலம். பல்லுக்குப் போடும் மரத்துப்போகும் ஊசியும், உரிய பாதுகாப்போடு எடுக்கும் பல் எக்ஸ்ரேயும் பயப்பட வேண்டியவை அல்ல. சீழும் வலியுமாக ஒன்பது மாதத்தைக் கடத்துவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கர்ப்பமாக இருப்பதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடையில் கேட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்கைக் கர்ப்பத்தின் நான்காவது மாதத்துக்குப் பிறகு சாப்பிட்டால், பிறக்கும் பிள்ளையின் பால் பற்களில் மஞ்சள், பழுப்புக் கறை நிரந்தரமாகப் படியும். கர்ப்பிணிக்குப் பாதுகாப்பான வேறு மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுப்பார்.

தாய்ப்பாலும் புட்டியும்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். இதில் மாற்றுக் கருத்தே கிடையாது. முதல் ஒரு வருடம் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு, புட்டிப்பால் குடிக்கும் பிள்ளையைவிடச் சொத்தை குறைவு.

ஒரு வயதுக்குப் பிறகுதான் கொஞ்சம் கவனம் வேண்டும். இரவு முழுக்க மார்பை வாயில் வைத்தபடியே தூங்கும் பிள்ளைகளுக்குச் சொத்தை அதிகம் வருவதை ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு வருடம் பாலூட்டுவதைக் குர்ஆன் குறிப்பிடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கச் சொல்கிறது. எனவே சொத்தைக்குப் பயந்து பாலை நிறுத்த வேண்டியதில்லை. படுக்கும் முன் பல்லைத் துலக்கிவிட்டு, பால் குடித்துத் தூங்கியதும் மெதுவாக விலக்கிவிடுங்கள். பகலில் சர்க்கரையைக் குறைத்துவிட்டால், பாலால் வரும் ஆபத்தும் வெகுவாகக் குறையும்.

புட்டியின் கதை வேறு. சர்க்கரை போட்ட பால், டீ, ஜூஸ், ஹார்லிக்ஸ் போன்ற பானங்களைப் புட்டியில் ஊற்றி வாயில் கொடுத்துத் தூங்க வைப்பதுதான் சிறுபிள்ளைகளின் பற்கள் கொத்தாகக் கெடுவதற்குப் பெரிய காரணம். மேல் முன்பற்களைச் சுற்றி அது குளம்போலத் தேங்கி நிற்கும். கீழ்ப் பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிவிடும். மேல்பல் நான்கும் கறுத்து, கீழ்ப்பல் வெள்ளையாக இருந்தால் புட்டியின் வேலை என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

புட்டியே வேண்டாம் என்பது நல்லது. கொடுத்தே ஆக வேண்டிய நிலை இருந்தால் சர்க்கரை சேர்க்காதீர்கள். தூங்கும்போது வாயில் விடாதீர்கள். ஒரு வயதில் டம்ளருக்கு மாற்றிவிடுங்கள். இரவில் தாகம் என்றால் வெறும் தண்ணீர் போதும்.

தேன், சேனை, பேரீச்சம்பழம்

பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் சேனை வழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். அரிதாக வருவதென்றாலும் உயிருக்கே ஆபத்தானது. பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத தேன் சிசுவுக்கு ஆகாது.

தஹ்னீக் செய்யும்போது அண்ணத்தில் தடவப்படும் பேரீச்சம்பழத்தால் சொத்தை வருமோ என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். பல்லே முளைக்காத வாயில் ஒரே ஒருமுறை படும் சிறு துளியால் சொத்தை வருவதில்லை. செய்பவரின் கை சுத்தமாக இருக்கட்டும். வாயில் புண், சளி, காய்ச்சல் உள்ளவர் செய்யாதிருக்கட்டும். கட்டியாக எதுவும் தொண்டைக்குள் போய்விடக் கூடாது. குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பல் முளைத்த பிறகு வரும் இனிப்புகள்தாம் கவனிக்க வேண்டியவை. பனங்கற்கண்டு, கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே பல்லுக்குச் சர்க்கரைதான். "இயற்கையானது" என்பதால் கிருமி விட்டுவிடாது. பேரீச்சம்பழம் சத்தானது, ஆனால் பல்லில் ஒட்டிக்கொள்ளும். பெரியவர்கள் நோன்பு திறக்கும்போது பிள்ளையும் ஒன்று தின்னட்டும். அதோடு தண்ணீரும் குடிக்கட்டும். ரஸ்க்கும் பிஸ்கட்டும் இனிப்பாகவே தெரியாது, ஆனால் மாவாகி இடுக்கில் தங்கிவிடும். ஒரு வயதுக்குள் பழச்சாறு தேவையே இல்லை. பழத்தை மசித்துக் கொடுங்கள். சிரப் மருந்துகளிலும் சர்க்கரை இருக்கும். இரவில் கொடுத்தால் தண்ணீர் புகட்டி வாயைத் துடைத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வரும் மாமாவும் சாச்சாவும் சாக்லேட் இல்லாமல் வரமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியில் பாதி சாக்லேட்தான். அன்பை மறுக்க முடியாது. வாங்கி வையுங்கள், சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று வீட்டில் ஒரு வழக்கம் வையுங்கள்.

பிரஷும் பேஸ்ட்டும் மிஸ்வாக்கும்

பல் முளைக்கும் முன்பு, பால் குடித்த பின் சுத்தமான ஈரத்துணியால் ஈறைத் துடைத்துவிடலாம். வாயில் கைவைப்பது பிள்ளைக்குப் பழகிவிடும். முதல் பல் தலைகாட்டிய நாளிலிருந்தே பிரஷ் பிடிக்க வேண்டும். காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவில் செய்யுங்கள்.

பேஸ்ட்டில் புளூரைடு இருக்க வேண்டும். அமிலத்தில் கரைந்த எனாமலைத் திரும்ப உறுதியாக்குவது அதுதான். அட்டையில் 1000 பிபிஎம் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் பேஸ்ட் என்று படம் போட்டு விற்கும் சிலவற்றில் புளூரைடே இருக்காது. மூன்று வயதுவரை ஓர் அரிசி அளவு மட்டும் தடவுங்கள். இதை விழுங்கினாலும் பயமில்லை. மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல பிரஷ் நிறையப் பிதுக்கக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் புளூரைடு அதிகமுள்ள பகுதிகளில் வசிப்பவர்கள், பேஸ்ட் பற்றிப் பல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே புளூரைடு மிகுதியானால் பல்லில் கறை விழும்.

ஏழெட்டு வயதுவரை பெரியவர்கள்தாம் துலக்கிவிட வேண்டும். தானாகச் சட்டை பொத்தான் போடத் தடுமாறும் பிள்ளையால் கடைவாய்ப் பல்லைச் சுத்தம் செய்ய முடியாது.

மிஸ்வாக் நம் வீடுகளில் நபிவழியாகப் பேணப்படுவது. அந்தக் குச்சியில் கிருமிகளைக் கட்டுப்படுத்தும் பொருட்கள் இருப்பதை ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன. கர்ப்பிணி தொழுகைதோறும் மிஸ்வாக் செய்தால், பேஸ்ட் வாசனைக்குக் குமட்டும் நாள்களில் அது பெரிய உதவி. ஆனால் சிறுபிள்ளையின் வாயில் குச்சியைப் பயன்படுத்தினால் ஈறு காயப்படும். பால் பல்லுக்குப் புளூரைடு பேஸ்ட்டும் மென்மையான பிரஷும்தான் தேவை. உம்மாவும் வாப்பாவும் மிஸ்வாக் செய்வதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குப் பல் துலக்குவது ஒரு வேலையாகத் தெரியாது.

உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

சொத்தை கறுப்பாகத் தொடங்குவதில்லை. ஈறை ஒட்டி, பல்லின் மேல் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைக் கோடாகத் தொடங்குகிறது. இந்தக் கட்டத்தில் வலி இருக்காது. இப்போது கவனித்தால் பல் மருத்துவர் புளூரைடு வார்னிஷ் பூசியே அதை நிறுத்திவிடலாம். ஊசியும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். வெள்ளை பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் அடைக்க வேண்டும். அதையும் விட்டால் வேர் சிகிச்சை, பல் எடுத்தல். பல பற்கள் கெட்ட மிகச் சிறிய பிள்ளைகளுக்கு முழு மயக்கம் கொடுத்துச் செய்ய வேண்டிய நிலையும் வரும்.

எனவே மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பிள்ளையை மடியில் படுக்க வைத்து, மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். அரை நிமிட வேலை. முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு பல்கூட கெடாத நேரத்தில் போகும் பிள்ளைக்கு அந்த நாற்காலியைக் கண்டால் பயம் வராது.

செலவுக்குப் பயப்படுவோர் அரசு தலைமை மருத்துவமனைகளின் பல் பிரிவுக்கோ, சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. அடுத்த முறை போகும்போது, "என் பல்லையும் பார்க்கணும், எங்கே போகணும்?" என்று கேளுங்கள். யாரும் சொல்லவில்லை என்றால் நாம்தான் கேட்க வேண்டும்.

முதலில் சொன்ன தாயிடம் திரும்புவோம். மூத்த பிள்ளைக்கு இப்போது சிகிச்சை தேவை; வைத்தியம் முடிந்தால் வலி போகும், இன்ஷா அல்லாஹ் தூக்கமும் வரும். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு இன்னும் ஒரு பல்கூட வெளியே வரவில்லை. அதற்காக அவள் செய்ய வேண்டியதெல்லாம் இன்றே தொடங்கக்கூடியவை: தன் சொத்தையை அடைத்துக்கொள்வது, இரவுப் புட்டியை வீட்டில் சேர்க்காமலிருப்பது, அரிசி அளவு பேஸ்ட்டோடு ஒரு சின்ன பிரஷை வாங்கி வைப்பது. பிள்ளைக்காகத் தொட்டிலும் துணியும் சேர்த்து வைக்கும் பெட்டியில் அந்தப் பிரஷுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.